முன்பே டிக்கெட் வாங்குகிறவர் கடன் கொடுக்கிறார்

பெரிய இசையமைப்பாளர் ஒருவர் கோலாலம்பூரில் மேடையேறப் போகிறார் என்று மின்னல் எப்.எம்.மிலோ ராகா வானொலியிலோ அறிவிப்பு வந்துவிட்டால் போதும், கோலா சாவாவில் எங்கள் சொந்தபந்தங்களின் வாட்ஸ்அப் குழு இரண்டு கட்சியாகிவிடும். “இப்பவே வாங்கிடுவோம், அப்புறம் கெடைக்காது” என்பார்கள் சிலர். “கொஞ்சம் பொறுங்க, கடைசி வாரத்துல வெலைய எறக்குவாங்க” என்பார்கள் மற்றவர்கள். நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். அவசரமாக வாங்கியும் போயிருக்கிறேன், பொறுத்திருந்து வாங்கியும் போயிருக்கிறேன். இந்தக் குழப்பத்தில் எனக்குத் தெளிவு கிடைத்தது, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மா கடனைப் பற்றி வைத்திருந்த கணக்கிலிருந்து.

கோலா சாவா, நெகிரி செம்பிலானில் ரந்தாவை அடுத்த சிற்றூர். சுற்றிலும் முன்பு ரப்பர் தோட்டங்கள்; பிறகு செம்பனை வந்தது; இப்போது செண்டாயான் பக்கமிருந்து வீடமைப்புத் திட்டங்கள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. அம்மா விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வெட்டுக்குப் போனவர். மழை பிடித்துக்கொண்டால் மரம் நனைந்துவிடும், பால் எடுக்க முடியாது, அன்றைய கூலியும் குறைந்துவிடும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வரும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளத்துக்கு வைத்த கெடு அது. ஆனால் அரிசியும் பருப்பும் 20ஆம் தேதியே தீர்ந்துவிடும். இடைப்பட்ட நாட்களை ஓட்டியது சீனர் மளிகைக் கடையில் எங்கள் பெயரில் இருந்த 555 நோட்டுப் புத்தகம். மலேசியாவில் கடனில் வாழ்ந்த எந்தக் குடும்பத்துக்கும் உள்ளங்கை அளவிலான அந்தப் புத்தகத்தைத் தெரியும்.

அந்தக் கடைத் தவுக்கேயைப் பார்த்து அம்மா கற்றுக்கொண்டதை எங்களுக்கு அடிக்கடி சொல்வார்: “கடன் குடுக்கறவன் மூணு விசயம் பாப்பான்யா. ஆளு யாரு, எப்பத் திருப்புவான், திருப்பலைன்னா எங்க போய்க் கேக்கறது. இந்த மூணும் தெரியாம தவுக்கே ஒரு கட்டி சவர்க்காரம்கூட எழுதமாட்டாரு.” கச்சேரி டிக்கெட்டுக்கும் இந்த மூன்று கேள்விகளே போதும் என்று பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது.

இதில் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பாட்டுக் கேட்கப் பணம் செலவழிக்க எனக்கு வெகுகாலம் கூச்சமாக இருந்தது. நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் பொழுதுபோக்கு என்றால் இலவசம். மாதத்தில் ஏதோ ஓர் இரவு திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் போடுவார்கள். சாயங்காலமே பிள்ளைகளைச் சாக்கும் பாயும் கொடுத்து அனுப்பி இடம் பிடிக்கச் சொல்வார்கள். முன்வரிசைக்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு சாயங்கால விளையாட்டு, அவ்வளவுதான். நடுவில் மழை கொட்டிப் படம் நின்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு லயத்துக்கு ஓடிவிடுவோம். யாருடைய காசும் போகாது. அப்படி வளர்ந்தவனுக்கு, இன்னும் நடக்காத ஓர் இரவுக்காக மாதங்களுக்கு முன்பே நூற்றுக்கணக்கான வெள்ளியைக் கட்டுவது நெஞ்சை உறுத்தும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில்தான் 1,500 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில் வாழும் வீட்டில் நான்கு டிக்கெட் என்பது அந்த மாதத்து வீட்டுச் செலவையே அசைத்துவிடும். “பொறுத்துப் பார்ப்போம்” என்று நம் மக்கள் சொல்வதில் இந்தப் பயமும் கலந்திருக்கிறது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அது கஞ்சத்தனமே அல்ல.

ஏ.ஆர். ரஹ்மான் 2023 ஜனவரி 28ஆம் தேதி புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் பாட வருகிறார் என்ற செய்தி வந்தபோது எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தது. கோவிட் காலத்தில் மூடிக் கிடந்த எல்லைகள் 2022 ஏப்ரலில்தான் திறந்திருந்தன. மேடை இசைக்கு எல்லாரும் ஏங்கிக் கிடந்த நேரம். சனிக்கிழமை; சீனப் பெருநாள் முடிந்த கையோடு, தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு. அடுத்தடுத்துச் செலவு வரும் மாதம் அது. ஆனால் அம்மாவுக்கு ஆசை இருந்தது. 1992இல் ‘ரோஜா’ வந்தபோது பக்கத்து வீட்டுக் கேசட்டில் அந்தப் பாடல்களைக் கேட்டுக்கொண்டே சமைத்தவர். “அந்தப் பிள்ள மேடையில நிக்கறத ஒரு தடவ பாத்துட்டா போதும்” என்றார்.

விலை குறையுமா, கூடுமா என்று நானும் தங்கச்சியும் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. “எத்தன படி ஏறணும்? நாலு பேரும் ஒண்ணா உக்காரலாமா?” என்று மட்டும் கேட்டார். பல வருடம் நிரை நிரையாக நடந்து குனிந்து நிமிர்ந்த முழங்கால்கள் அவருடையவை. புக்கிட் ஜாலில் அரங்கம் 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டப்பட்டது. 80,000க்கும் மேற்பட்டோர் அமரலாம். அவ்வளவு பெரிய அரங்கில் ஓர் இருக்கை எப்படியும் கிடைத்துவிடும். கீழ் அடுக்கில், நடைபாதை ஓரமாக, நான்கு பேர் சேர்ந்தாற்போல் இருக்கும் இருக்கைகள்தாம் அரிது. விற்பனை தொடங்கியதும் முதலில் கரைவது அந்த வகைதான். கடைசி வாரத்தில் விலை பாதியானாலும் அம்மா ஏற முடியாத படிகளின் உச்சியில் கிடைக்கும் இடம் எங்களுக்கு எதற்கு? அந்த ஒரு கேள்வியில் விவாதம் முடிந்துவிட்டது. விற்பனை தொடங்கியதும் எங்கள் டிக்கெட்டுகளை வாங்கிவிட்டோம்.

தங்கச்சி மட்டும் அப்போது வாங்கவில்லை. செனவாங் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவள்; எந்த வாரம் இரவு ஷிப்ட் என்பது கடைசியில்தான் தெரியும். “போக முடியுமான்னே தெரியாம காசக் கட்டமாட்டேன். என் எடத்துல மாமா வரட்டும்” என்று சொல்லிவிட்டாள். நிகழ்ச்சி நெருங்கியபோது அவளுடன் வேலை செய்யும் தோழி ஒருத்தியால் வர முடியாமல் போயிற்று. அவளுடைய டிக்கெட்டை வாங்கிய விலைக்கே தங்கச்சி எடுத்துக்கொண்டாள். தூரத்து இடம்தான், அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரே வீட்டில் நாங்கள் முந்தினோம், அவள் பொறுத்தாள். இரண்டும் சரியான முடிவே. எங்கள் தேவைக்கு மாற்று இல்லை. அவள் தேவைக்கு இருந்தது.

அதன் பிறகு இந்த விஷயத்தை நான் அம்மாவின் கண்ணோடு பார்க்கப் பழகினேன். நிகழ்ச்சிக்குப் பல மாதம் முன்பே டிக்கெட் வாங்கும்போது, ஏற்பாட்டாளருக்கு நாம் கடன் கொடுக்கிறோம். கலைஞருக்கான முன்பணம், அரங்க வாடகை, விமானச் சீட்டு, ஒலி ஒளி அமைப்பு எல்லாவற்றுக்கும் நிகழ்ச்சிக்கு முன்பே பணம் தேவை. அதில் ஒரு பங்கு, முந்தி வாங்கியவர்களின் பையிலிருந்து வருகிறது. முன்பதிவுச் சலுகை என்று விலையில் கழிப்பது அந்தக் கடனுக்கு அவர்கள் தரும் வட்டி. ரசிகர் இங்கே தவுக்கேயின் இடத்தில் நிற்கிறார். அப்படியானால் தவுக்கேயின் மூன்று கேள்விகளையும் கேட்கும் உரிமை ரசிகருக்கு உண்டு.

முதல் கேள்வி, ஆள் யார். ஏற்பாட்டாளர் இதற்கு முன் அறிவித்த நிகழ்ச்சிகளை அறிவித்தபடி நடத்தினாரா? தள்ளிப்போனபோது பணத்தைத் திருப்பினாரா? வெளிநாட்டுக் கலைஞர் இங்கே மேடையேற வேண்டுமென்றால் அரசின் ‘புஸ்பால்’ குழுவின் ஒப்புதல் வேண்டும். அது கிடைத்துவிட்டதா என்று ஏற்பாட்டாளரை நேரடியாகக் கேட்கலாம். பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இரண்டாவது, எப்போது திருப்புவார். டிக்கெட்டைப் பொறுத்தவரை, எந்த நாளில் எந்த இடத்தில் எதைத் தருவதாக வாக்களிக்கிறார் என்பது. இருக்கை எண் போட்ட டிக்கெட் ஒரு தெளிவான வாக்கு. எண் இல்லாமல் பகுதியின் பெயரை மட்டும் சொல்லும் டிக்கெட்டில் அந்தத் தெளிவு இல்லை. சென்னையில் 2023இல் நடந்ததை நம்மில் பலர் அறிவோம். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி ஆகஸ்ட் 12இல் நடப்பதாக இருந்தது. மழையால் தள்ளிப்போய் செப்டம்பர் 10ஆம் தேதி கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூரில் நடந்தது. கூட்டம் அளவு மீறிப்போனதில், கையில் டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வந்தவர்கள் நெரிசலில் தவித்தார்கள். நுழைய முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மானே கேட்டுக்கொண்டார், ஏற்பாட்டாளர்கள் பொறுப்பேற்றார்கள். பணம் திரும்பலாம். பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட்டுக் கேட்க நினைத்த அந்த மாலை யாருக்குத் திரும்பும்? முந்தி வாங்கினால் இடம் உறுதி என்ற நம்பிக்கை, வாக்கு தெளிவாக இருக்கும் இடத்தில்தான் செல்லும்.

கொடுத்த வாக்கு நிறைவேறாமல் போவது நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அறிவித்திருந்த நிகழ்ச்சிகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. 2023 ஜூலை 21ஆம் தேதி செப்பாங்கில் தொடங்கிய ‘குட் வைப்ஸ்’ இசை விழாவில், பிரிட்டிஷ் குழுவொன்றின் பாடகர் மேடையில் நடந்துகொண்ட விதத்தால் எஞ்சிய இரண்டு நாள் நிகழ்ச்சிகளையும் அரசு மறுநாளே ரத்து செய்தது. அந்தக் குழுவுக்கும் மற்ற நாட்களுக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொலைவிலிருந்து வந்து விடுதி எடுத்துத் தங்கியவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துச் சுமந்தார்கள். கடன் கொடுத்தவர் சுமக்கும் ஆபத்து இப்படிப்பட்டது. அதனால் டிக்கெட் வாங்கும்போது அதோடு ரத்து செய்ய முடியாத விடுதியையும் வண்டியையும் சேர்த்துக் கட்டுவதை நான் தவிர்க்கிறேன்.

அப்படியானால் பொறுத்திருப்பதே நல்லதா? பொறுத்தால் விலை குறையும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டங்களின் மறுவிற்பனை டிக்கெட்டுகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஸ்வீட்டிங் என்ற பொருளாதார அறிஞர், ஆட்ட நாள் நெருங்க நெருங்க விற்பவர்கள் விலையை 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைப்பதை 2012இல் எழுதிக் காட்டினார். காரணம் எளிது: ஆட்டம் முடிந்த மறு நிமிடம் அந்தச் சீட்டுக்கு மதிப்பே இல்லை. ஆனால் அங்கே ஓர் அணி சொந்த ஊரில் மட்டும் ஒரு பருவத்தில் 81 ஆட்டம் ஆடுகிறது. இன்று போனால் நாளை. நம் ஊருக்கு வரும் கலைஞர் ஒரே ஓர் இரவு பாடிவிட்டு விமானம் ஏறிவிடுவார். அந்த இரவுக்கு ஏங்குகிறவர்கள் இடங்களைவிட அதிகமாக இருந்தால் விலை எதிர்த் திசையில் போகும். 2023 நவம்பர் 22இல் புக்கிட் ஜாலிலில் நடந்த கோல்ட்பிளே நிகழ்ச்சிக்கு அந்த ஆண்டு மே மாதம் டிக்கெட் விற்றபோது சில மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. பிறகு மறுவிற்பனையில் பல்லாயிரம் வெள்ளி கேட்டார்கள். காத்திருந்தவர்களின் ஏக்கத்தைக் காசாக்க மோசடிக்காரர்களும் புகுந்தார்கள்.

பொறுப்பது பலன் தரும் இடங்கள் வேறு. சிரம்பானில் மண்டபத்தில் நடக்கும் உள்ளூர்க் கலைஞர்களின் மெல்லிசை இரவு, கோயில் நிதிக்காக நடக்கும் கலை நிகழ்ச்சி, எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம் என்று இருக்கும் திறந்த வெளி மேடை ஆகியவற்றுக்குப் பொறுத்திருந்து வாங்குவதில் பெரும்பாலும் இழப்பில்லை. வாசலிலேயே டிக்கெட் கிடைக்கும். மழை வந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம். தனியாகப் போகிறவருக்கும் பொறுமை பலன் தரும். கூட்டமாகப் போகிறவர்கள் விட்டுப் போகும் ஒற்றை இருக்கை கடைசிவரை கிடைக்கும். வேலை நேரம் உறுதியில்லாதவர், வீட்டில் நோயாளி இருப்பவர், பிள்ளைக்குத் தேர்வு இருப்பவர் ஆகியோருக்கும் பொறுப்பதே நல்லது. போக முடியாத டிக்கெட்டைவிட விலை கூடிய டிக்கெட் எது இருக்கிறது?

மூன்றாவது கேள்வியை நம் மக்கள் கேட்பதே இல்லை: திருப்பித் தராவிட்டால் எங்கே போய்க் கேட்பது. அதற்கு இந்த நாட்டில் வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான இழப்பைக் கோரலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, நாமே போய்ப் பேசலாம். மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும். நிகழ்ச்சி ரத்தாகிப் பணம் வராமல் போனால், “சரி விடு, போனது போகட்டும்” என்று நம்மவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டு திரும்பிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. தோட்டத்தில் கிராணி எழுதியதே கணக்கு என்று கேள்வி கேட்காமல் வாங்கிப் பழகிய தலைமுறையின் மிச்சம் அது. டிக்கெட், பணம் கட்டிய ரசீது, விளம்பரம் மூன்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தால் நம் பக்கம் வலுவாக இருக்கும்.

இந்த வழியெல்லாம் முறையான விற்பனையாளரிடம் வாங்கியவருக்குத்தான். முகநூலிலும் டெலிகிராமிலும் “ரெண்டு டிக்கெட் இருக்கு, உடனே காசு போடுங்க” என்று அழைக்கும் முகம் தெரியாத ஆளைப் பின்னாளில் எந்த மன்றத்தில் தேடுவது? அப்படி யாராவது வங்கிக் கணக்கு எண் கொடுத்தால், காசு போடும் முன் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 997க்கு அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க அந்த எண்ணை 2022இல் ஏற்படுத்தினார்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குச் சாதகம். தெரிந்த தோழியிடம் அதே விலைக்கு வாங்கிய என் தங்கச்சிக்கு இந்தக் கவலை எதுவும் இருக்கவில்லை. கடைசி நேரத்தில் வாங்க நினைப்பவர்கள் தெரிந்தவர்கள் வட்டத்தில் முதலில் கேட்பதே பாதுகாப்பு.

கோலா சாவா போன்ற ஊர்க்காரர்களுக்குப் போக்குவரத்துக் கணக்கும் உண்டு. புக்கிட் ஜாலிலில் எல்.ஆர்.டி. ஏறி, பண்டார் தாசிக் செலாத்தானில் மாறி, கொமுட்டர் ரயிலில் சிரம்பான் வந்துவிடலாம். பகலில் வசதியான வழிதான். ஆனால் கச்சேரி முடிந்து பல்லாயிரம் பேரோடு வெளியே வரும் நேரத்துக்குக் கடைசி ரயில் போயிருக்கும். ரயிலைப் பிடித்தாலும் நள்ளிரவில் சிரம்பானிலிருந்து ஊருக்கு பஸ் இல்லை. அதனால் முந்தி வாங்கியதில் எங்களுக்கு இன்னொரு நன்மையும் கிடைத்தது. யார் யார் போகிறார்கள் என்பது முன்பே தெரிந்ததால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து வேன் பேசிச் செலவைப் பங்கிட்டுக்கொண்டோம். தனித்தனியாக வாடகைக் காடி எடுத்திருந்தால், பொறுத்திருந்து மிச்சம் பிடித்திருந்தாலும் அந்தக் காசு அதிலேயே கரைந்திருக்கும். டிக்கெட் விலையை மட்டும் வைத்து லாப நட்டம் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

கச்சேரியன்று அம்மா நடைபாதை ஓர இருக்கையில் உட்கார்ந்து, எழுந்து நிற்க வேண்டிய தேவை இல்லாமல், கடைசிப் பாட்டு வரை கேட்டார். எங்களுக்குச் சேமிப்பு குறைந்தது உண்மை. அடுத்து வந்த தைப்பூசத்துக்குச் செலவை இறுக்கிப் பிடித்தோம். ஆனால் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காகச் சம்பாதித்த ஒரு பெண்ணுக்கு, அவர் ஆசைப்பட்ட ஒன்றை உட்கார வசதியோடு கொடுக்க முடிந்தது. பாட்டுக்குப் பணம் செலவழிக்கும் கூச்சம் அன்றோடு என்னை விட்டுப் போயிற்று. தோட்டத்து மக்களுக்கும் நல்ல இருக்கையில் உட்கார்ந்து கலையை ரசிக்கும் உரிமை இருக்கிறது. அதற்குக் கணக்குப் போட்டுச் செலவழிப்பது ஆடம்பரம் ஆகாது.

ஏற்பாட்டாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தமிழ் ரசிகர்களிடம் மாதக்கணக்கில் முன்பே பணம் வாங்குகிறீர்கள். நிகழ்ச்சி தள்ளிப்போனால் என்ன ஆகும், ரத்தானால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதை விளம்பரத்திலேயே தமிழில் தெளிவாகப் போடுங்கள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கீழ் அடுக்கில் ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள். அவர்கள் அவசரப்பட்டு முந்த வேண்டிய கட்டாயமே இருக்காது.

வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான். வயதான பெற்றோரோடும் சிறு பிள்ளைகளோடும் போகிறீர்கள் என்றால், இருக்கை எண்ணோடு முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். தனியாகப் போகிறீர்கள், எந்த இடம் கிடைத்தாலும் சரி, கிடைக்காமல் போனாலும் தாங்கிக்கொள்வீர்கள் என்றால் தாராளமாகப் பொறுங்கள். போவதே உறுதியில்லை என்றால் வாங்காதீர்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வழி தெரியாத இடத்தில், கலைஞர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.